மெடெயினில் உட்கார்ந்து வேலை பார்க்கலாமா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். செப்டம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை, ஐந்தரை மாதம், அந்த வீடு கொலம்பியாவின் மெடெயின் நகரில் இருந்தது. கோவை திரும்பிய நாள் முதல் அலுவலக நண்பர்கள், அத்தை பெண், அவளுடைய தோழிகள், எதிர்வீட்டுத் தம்பி என்று எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன்.

மெடெயின் எங்க இருக்கு? தென் அமெரிக்கான்னா பயங்கர தூரமாச்சே?

தூரம்தான். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. பெரும்பாலும் ஐரோப்பா வழியாகவோ அமெரிக்கா வழியாகவோ மாறித்தான் போவார்கள். அமெரிக்கா வழி என்றால், விமானம் மாறுவதற்கு மட்டுமே கூட அந்நாட்டு விசா கையில் இருக்க வேண்டும்.

கொலம்பியாவில் பொகொத்தாவுக்கு அடுத்த பெரிய நகரம் இது. அபுர்ரா என்ற நீண்ட பள்ளத்தாக்கின் அடியில் ஆறு ஓடுகிறது. ஆற்றின் இருபக்கமும் ஊர் மலைமேல் ஏறிக்கொண்டே போகிறது. ஊர்க்காரர்கள் வாயில் பெயர் 'மெதெஜின்' என்றுதான் வரும். விமான நிலையம் பள்ளத்தாக்கில் இல்லை, மலைக்கு அந்தப்பக்கம் ரியோநெக்ரோவில் இருக்கிறது. 2019இல் திறந்த 8 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வழியாக ஊருக்குள் இறங்குவோம்.

அங்க குளிருமா, வெயிலா?

ஏற்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உயரம் கிட்டத்தட்ட அதேதான், 1,500 மீட்டர். பகலில் 27, 28 டிகிரி, இரவில் 17. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், இலங்கையின் காலி நகரம் இருக்கும் அட்சரேகையை ஒட்டி இருப்பதால் கோடை, குளிர்காலம் என்ற பேச்சே இல்லை. வருஷம் முழுக்க ஆறு மணிவாக்கில் விடியும், ஆறு மணிவாக்கில் இருட்டும். நான் தங்கிய வீட்டில் ஏசியும் இல்லை, ஹீட்டரும் இல்லை. இரண்டையும் ஒருநாள் கூடத் தேடவில்லை.

மழை மட்டும் உண்டு. ஏப்ரல், மே ஒரு சுற்று, செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை இன்னொரு சுற்று. பெரும்பாலும் மதியத்துக்கு மேல் கொட்டித் தீர்த்துவிட்டு நின்றுவிடும். எங்கே போவதானாலும் காலையில் போவது நல்லது.

இந்தியன் பாஸ்போர்ட் வச்சு போக முடியுமா? டிஜிட்டல் நோமேட் விசா தர்றாங்களாமே?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். ஆனால் உங்களிடம் அமெரிக்க விசாவோ ஷெங்கன் விசாவோ இருந்து, கொலம்பியாவில் இறங்கும் நாளில் அதற்கு இன்னும் குறைந்தது 180 நாள் ஆயுள் இருந்தால், தனி விசா இல்லாமலே 90 நாள் தங்க விடுவார்கள். அங்கிருந்தபடியே இன்னொரு 90 நாள் நீட்டிக்கலாம். ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 180 நாள்தான் எல்லை. நான் போனது இப்படித்தான். கிளம்பும் முன் 'செக்-மிக்' என்ற ஆன்லைன் படிவத்தை நிரப்ப வேண்டும்.

வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆன்லைனில் வேலை பார்ப்பவர்களுக்கான நோமேட் விசா 2022 அக்டோபரில் வந்தது. இரண்டு வருஷம் வரை தருவார்கள். அந்நாட்டுக் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு வருமானமும் மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 14,23,500 பேசோ. பலர் கவனிக்காத சங்கதி என்னவென்றால், குறுகிய காலத்துக்கு விசாவே தேவைப்படாத நாடுகளின் பாஸ்போர்ட்டுக்குத்தான் இந்த விசா. கனடாப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் டொராண்டோ தமிழருக்கு வழி திறந்திருக்கிறது, நமக்கு அப்படி இல்லை. எந்த வழியில் போனாலும் உள்ளூர் கம்பெனியிடம் சம்பளம் வாங்கக் கூடாது. விதிகள் மாறுபவை என்பதால் டிக்கெட் போடும் முன் கொலம்பிய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போடணுமா? எங்க சித்தப்பா சும்மா பயமுறுத்தறார்னு நினைச்சேன்.

சித்தப்பா சொல்வது சரி. அங்கே போவதற்காக என்பதைவிட, முக்கியமாக இங்கே திரும்பி வருவதற்காகவே போட வேண்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் கொலம்பியா இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் சென்னையில் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. 2025 ஏப்ரலில் கொலம்பியாவே இந்த நோய்க்காகச் சுகாதார அவசரநிலை அறிவித்தது.

ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். மஞ்சள் நிறச் சிறு புத்தகம் தருவார்கள். அதைப் பாஸ்போர்ட்டோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்க டீம் சென்னைல. அங்கிருந்து வேலை பார்க்க முடியுமா?

வேண்டாம் என்பேன். மெடெயின் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால். சென்னையில் காலை 9.30 என்றால் அங்கே முந்தின இரவு 11. சென்னை டீம் மாலை 6.30க்குக் கிளம்பும்போது உங்களுக்குக் காலை 8. ராத்திரி முழுக்க வேலை, பகல் முழுக்கத் தூக்கம் என்று ஆகிவிடும். ஊர் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்?

அமெரிக்கக் கிழக்குக் கரை டீம் என்றால் சொர்க்கம். கொலம்பியாவில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை நியூயார்க்கும் மெடெயினும் ஒரே நேரம், மற்ற மாதங்களில் ஒரு மணி நேரம் வித்தியாசம். கோவையில் ஐந்து வருஷமாக ராத்திரி இரண்டு மணிவரை மீட்டிங் பார்த்தவள் நான். அங்கே மாலை ஐந்தரைக்கு லேப்டாப்பை மூடிவிட்டுத் தெருவில் இறங்கியபோது வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருந்தது. முதல் வாரம் அந்த வெளிச்சத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

லண்டன் டீம் என்றால் அவர்களின் காலை ஒன்பது உங்களுக்கு விடிகாலை மூன்று அல்லது நான்கு. விடியலில் எழுபவர்களால் சமாளிக்க முடியும்.

எந்த ஏரியால தங்கலாம்? எல்லாரும் போப்லாதோன்னு சொல்றாங்க.

எல் போப்லாதோவில் எல்லா வசதியும் இருக்கிறது. கஃபேக்கள், கோவொர்க்கிங் இடங்கள், ஆங்கிலம் பேசும் பணியாளர்கள், எல்லாம். அங்கேயே ஐந்து மாதம் இருந்துவிட்டு, உள்ளூர்க்காரர் ஒருவரிடமும் பேசாமல் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். ப்ரொவென்சா, யேராஸ் பூங்கா பக்கம் ராத்திரி முழுக்க இசை அதிரும். காலையில் வேலை இருப்பவர்களுக்கு அது ஆகாது.

என் ஓட்டு லவ்ரேலெஸ்–எஸ்தாதியோ பக்கத்துக்கு. தரை சமதளம், மரநிழல், நடந்து போகும் தூரத்தில் மெட்ரோ. போப்லாதோவில் கடைக்குப் போய்வருவதே ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் ஏறுவது மாதிரி. இன்னும் அமைதி வேண்டுமென்றால் பெலென், என்விகாதோ, சபனேத்தா. கடைசி இரண்டும் தனி நகராட்சிகள், ஆனால் அதே மெட்ரோ ரயிலில் வரும்.

வீடு பார்க்கும்போது 'எஸ்த்ராத்தோ எத்தனை' என்று கேட்பார்கள். கொலம்பியாவில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் 1 முதல் 6 வரை ஒரு படிநிலை எண் உண்டு. 1, 2, 3 என்றால் தண்ணீர், மின்சாரக் கட்டணத்தில் மானியம். 5, 6 என்றால் கூடுதலாகக் கட்ட வேண்டும், அந்தப் பணம் கீழ்ப்படிகளின் மானியத்துக்குப் போகிறது. 4க்கு இரண்டும் இல்லை. போப்லாதோ பெரும்பாலும் 5, 6.

வீடு எப்படிப் பிடிக்கிறது? ஏர்பிஎன்பி தவிர வழியே இல்லையா?

உள்ளூர்க்காரர்கள் மாதிரி வருஷ ஒப்பந்தம் போட 'ஃபியதோர்', அதாவது சொத்துள்ள ஜாமீன்தாரர் வேண்டும். வெளியூர்க்காரருக்கு அது நடக்காத காரியம். முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் ஆன்லைனில் அறை எடுங்கள். பிறகு பிடித்த தெருக்களில் நடங்கள். ஜன்னல்களில் 'சே அர்ரியெந்தா' என்று அட்டை தொங்கும், நம் ஊர் டு-லெட் போர்டுதான். குடும்பங்கள் மாத வாடகைக்கு அறை விடும் விவரம் மூலைக்கடையில் கேட்டாலே தெரியும். எனக்கு அறை கிடைத்தது முட்டை வாங்கப் போன கடையில்தான்.

30 நாளுக்குக் குறைவாக விடும் வீடு என்றால் அது தேசியச் சுற்றுலாப் பதிவேட்டில் பதிவானதா என்று கேளுங்கள். பதிவு எண் இல்லாமல் விடுவது சட்டப்படி தவறு. அந்த அடுக்குமாடியின் விதிகளும் அதை அனுமதித்திருக்க வேண்டும்.

அட்ரஸே புரியல. காயே 10 # 43-25ன்னா என்ன?

புரிந்துவிட்டால் நம் ஊரிலும் இப்படி வைத்திருக்கக் கூடாதா என்று தோன்றும். கார்ரேரா என்பது ஆற்றுக்கு இணையாக, தெற்கு வடக்காக ஓடும் தெரு. காயே அதைக் குறுக்கே வெட்டும் தெரு. மேலே கேட்ட முகவரி, 10ஆம் காயேவில், 43ஆம் கார்ரேரா வெட்டும் முனையிலிருந்து ஏறக்குறைய 25 மீட்டர் தள்ளி உள்ள வீடு. எண்ணை வைத்தே நடந்து போய்விடலாம்.

நெட் எப்படி? கரண்ட்? என் மிக்ஸியைக் கொண்டு போகலாமா?

நான் இருந்த பகுதியில் ஃபைபர் இணைப்பு சாதாரணம். வீடியோ அழைப்பில் என்னால் யாரும் காத்திருக்கவில்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். கழிப்பறைக் காகிதத்தை மட்டும் பல கட்டடங்களில் பக்கத்துக் கூடையில்தான் போட வேண்டும்.

மிக்ஸியைத் தயவுசெய்து தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே மின்சாரம் 110 வோல்ட், நம்முடையது 230. லேப்டாப், போன் சார்ஜர்கள் இரண்டையும் ஏற்கும், தட்டை முள் அடாப்டர் இருந்தால் போதும். மிக்ஸி, கிரைண்டர், கெட்டில் வேலைக்கு ஆகாது. அடுப்பில் வைக்கும் குக்கர் தாராளமாகக் கொண்டு போகலாம்.

காசு விஷயம்? ஜிபே இல்லாம எப்படி?

யூபிஐ அங்கே கிடையாது. கார்டு பெரும்பாலும் செல்லும், மூலைக்கடைக்கும் பழக்கடைக்கும் ரொக்கம் வேண்டும். விலையில் ஆயிரத்துக்கு நாம் காற்புள்ளி போடும் இடத்தில் அவர்கள் புள்ளி வைப்பார்கள். 20.000 என்றால் இருபதாயிரம். உணவகத்தில் பில் தரும் முன் 'சேவைக் கட்டணம் சேர்க்கட்டுமா' என்று கேட்பார்கள். பத்து சதவீதம், கட்டாயம் இல்லை.

உண்மையான சிக்கல் ஓடிபி. இந்திய வங்கிகள் ஓடிபியை இந்திய எண்ணுக்குத்தான் அனுப்பும். ரோமிங்கை இயக்கி, அந்த சிம்மை ஒரு பழைய போனில் போட்டு, அந்தப் போனை வீட்டைவிட்டு வெளியே எடுக்காதீர்கள். இந்தப் புத்தி எனக்கு எப்படி வந்தது என்பதைக் கீழே பாதுகாப்புக் கேள்வியில் சொல்கிறேன். கையில் வைத்துக்கொள்ளும் போனுக்கு உள்ளூர் சிம் போதும். பாஸ்போர்ட்டைக் காட்டினால் தருவார்கள்.

ஸ்பானிஷ் தெரியாம சமாளிக்க முடியுமா?

போப்லாதோவில் முடியும், மற்ற இடத்தில் முடியாது. மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். ஈயாஃபித் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷ் வகுப்புகள் உண்டு.

தமிழ்க்காதுக்கு இந்த மொழி கஷ்டமே இல்லை. உயிரெழுத்துகள் நம்முடையவை போலத் தெளிவானவை. 'ஆனால்' என்பதற்கு 'பெரோ', 'நாய்' என்பதற்கு 'பெறோ', நடு எழுத்து ரகரமா றகரமா என்பதுதான் வித்தியாசம். நாகர்கோவில்காரர்களுக்கு நாக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். இந்த வட்டாரக்காரர்களுக்கு 'பைசா' என்று பெயர், காசு இல்லை, அந்தியோகியா மாகாணத்து மக்கள். நெருங்கியவர்களை 'நீ' என்று சொல்ல 'தூ' என்பதைவிட 'வோஸ்' என்பார்கள். கடையில் காப்பி கேட்கும்போது 'ரெகாலேமே உன் தின்தோ' என்பார்கள், நேர்ப்பொருள் 'ஒரு காப்பி அன்பளிப்பாகத் தாருங்கள்'. காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள், கேட்கும் விதம் அப்படி. மற்ற ஸ்பானிஷ் நாடுகளில் தின்தோ என்றால் சிவப்பு ஒயின். இங்கே பால் விடாத கருப்புக் காப்பி.

நான் சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

பட்டினி வேண்டாம், எச்சரிக்கை வேண்டும். ஊரின் பெருமையான தட்டு பந்தேஹா பைசா. சோறு, சிவப்புக் காராமணி போன்ற பீன்ஸ், அரைத்த மாட்டிறைச்சி, பொரித்த பன்றித்தோல், முட்டை, வாழைப்பழம், அவகாடோ எல்லாம் ஒரே தட்டில். 'கறி வேண்டாம்' என்றால் கோழி வைப்பார்கள். கோழி, மீன், இறைச்சி மூன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். பீன்ஸைப் பன்றிக்கொழுப்போடு வேகவைக்கும் வழக்கம் உண்டு, அதையும் தனியாகக் கேளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு 'மெனு தெல் தியா' என்று சூப், சோறு, சாறு சேர்த்து 15,000, 20,000 பேசோவுக்குக் கிடைத்தது.

வீட்டில் சமைப்பவர்களுக்கு இது பக்கத்து ஊர் மாதிரி. மினோரிஸ்தா சந்தையில் மரவள்ளி, வாழைக்காய், கொத்தமல்லி, சீரகம், தேங்காய், பூசணி, முள்ளுச்சீத்தா எல்லாம் குவிந்திருக்கும். கறிவேப்பிலையை நான் எங்கும் பார்க்கவில்லை. கரீபியன் கரைக்காரர்கள் 'குவாந்து' என்று சமைப்பது நம் துவரைதான். புளிக்கு ஒன்றரை மணி நேரத் தொலைவில் சாந்தா ஃபே தே அந்தியோகியா என்ற, மாகாணத்தின் பழைய தலைநகர் இருக்கிறது. சாலையோரம் புளிமிட்டாய் விற்கும் அந்த வெயில் ஊரில் இறங்கியதும் மதுரைப் பக்கம் வந்துவிட்டதாக நினைத்தேன்.

பானெலாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கரும்புச்சாற்றைக் காய்ச்சி அச்சில் ஊற்றிய வெல்லம், அதே நிறம், அதே வாசனை. கட்டியை வெந்நீரில் கரைத்தால் அகுவாபானெலா. வீட்டுக்கார அம்மாள் அதில் காப்பித்தூளைப் போட்டுத் துணியில் வடிகட்டி, பக்கத்தில் ஒரு துண்டு வெண்பாலாடைக்கட்டியோடு நீட்டினார். கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்த எனக்கு, அந்த முதல் வாயில் பேச்சு வரவில்லை. அவர் சூடு அதிகமோ என்று பதறிவிட்டார்.

ஊரை எப்படிச் சுத்திப் பார்த்தீங்க?

ஞாயிற்றுக்கு ஒரு மெட்ரோ நிலையம். இதுதான் என் ஒரே திட்டம், எல்லாரிடமும் இதையே சொல்கிறேன். 1995 நவம்பர் 30 அன்று ஓடத் தொடங்கிய மெட்ரோ இது. வடக்கு தெற்காக ஏ தடத்தில் 21 நிலையம். மேற்கே பிரியும் பி தடம் சான் அந்தோனியோவில் ஏ தடத்தைத் தொடும். மொத்தம் 27. சில ஞாயிறுகளில் இரண்டு பார்த்து முடித்தேன். பட்டியல் வைத்துக்கொண்டு 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று ஓடினால் ஊரின் முகம் மட்டும்தான் தெரியும். ஒரு நிலையத்தில் இறங்கி, ஒரு தின்தோ குடித்து, இரண்டு மணி நேரம் கால் போன போக்கில் நடந்தால் அங்கே குடியிருப்பவர்கள் தெரிவார்கள். உனிவெர்சிதாதில் இறங்கினால் தாவரவியல் பூங்கா, பார்க்கே பெர்ரியோவில் இறங்கினால் சிற்பி பொத்தேரோவின் 23 கொழுகொழு சிலைகள், மதேராவில் இறங்கினால் சுற்றுலாக்காரர் ஒருவர்கூட இல்லாத சாதாரண ஞாயிறு.

முக்கிய நிலையங்களில் பாஸ்போர்ட் காட்டி 'சிவிகா' அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் யாரும் சாப்பிட மாட்டார்கள், குப்பை போட மாட்டார்கள், தூணில் கிறுக்கல் இருக்காது. 'மெட்ரோப் பண்பாடு' என்றே அதற்குப் பெயர். போதைப்பொருள் கும்பல்களின் வெடிகுண்டுக்குப் பயந்து வீட்டுக்குள் முடங்கிய காலத்துக்குப் பிறகு கிடைத்த ரயிலை ஊர் தன் பூஜையறை போல வைத்திருக்கிறது.

2004இல் மலைச்சேரிகளுக்கு ரோப் கார் வந்தது, அதுதான் கே தடம். மேலே சாந்தோ தொமிங்கோவில் குடியிருப்பவர்கள் வேலைக்கு இறங்க முன்பு செங்குத்துப் படிகளும் பஸ்ஸும்தான். இப்போது அதே மெட்ரோ டிக்கெட்டில் பறந்து இறங்குகிறார்கள். பெட்டியில் எட்டுப் பேர் உட்காரலாம். எதிரே உட்கார்ந்தவர் 'புவெனாஸ்' என்று வணக்கம் சொல்வார், நீங்களும் சொல்லுங்கள்.

நிஜமா சேஃப்பான ஊரா?

1991இல் உலகிலேயே அதிகக் கொலைகள் நடந்த நகரங்களில் ஒன்று. இன்று அந்த நிலை வெகுவாக மாறிவிட்டது. ஆனால் திருட்டு உண்டு. உள்ளூர்ப் பழமொழி 'நோ தார் பாபாயா', பப்பாளியை நீட்டாதே. வெட்டிய பழத்தைக் கையில் ஏந்தி நின்றால் எடுத்துத் தின்னத்தான் செய்வார்கள் என்று அர்த்தம்.

நான் நீட்டினேன். இரண்டாவது வாரம், நடைபாதை விளிம்பில் நின்று வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் போனை உருவிக்கொண்டு போய்விட்டான். அதில்தான் என் இந்திய சிம் இருந்தது. கார்டை முடக்க ஓடிபி, புதுக் கார்டுக்கு ஓடிபி, ஓடிபி வருமிடமோ திருடன் கையில். கோவையில் அம்மா தொலைபேசிக் கடைக்கும் வங்கிக்கும் ஒன்பது நாள் நடந்தார். மேலே சொன்ன பழைய போன் யோசனையின் கதை இதுதான். வரைபடம் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது கடைக்குள் போய்ப் பாருங்கள். பறித்தால் விட்டுவிடுங்கள், போராடாதீர்கள். அவசர எண் 123.

தனியாப் போற பொண்ணு நான். ராத்திரி, டேட்டிங் ஆப்... எதுக்கெல்லாம் பயப்படணும்?

நானும் தனியாகப் போனவள்தான். பகலில் ஒருநாளும் பயந்ததில்லை. இருட்டிய பிறகு மையப்பகுதியில் நடக்கவில்லை, ஆப் வண்டியில்தான் வீடு திரும்பினேன். ஊபர் அங்கே இன்னும் சட்டச் சிக்கலில் இருப்பதால் ஓட்டுநர் முன்சீட்டில் உட்காரச் சொல்வார். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்கோபொலமைன் என்ற மருந்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ளுங்கள். நிறமோ மணமோ காட்டிக்கொடுக்காது. பானத்தில் கலந்து கொடுத்தால் ஆள் சொன்னதைக் கேட்கும் நிலைக்குப் போய்விடுவார், பிறகு நினைவும் இருக்காது. 2023இன் கடைசி இரண்டு மாதங்களில் மெடெயினில் எட்டு அமெரிக்கர்கள் சந்தேகத்துக்கிடமாக இறந்தார்கள். அவர்களில் பலரின் சாவில் ஆன்லைன் டேட்டிங் வழியான கொள்ளை சந்தேகிக்கப்பட்டதால், 2024 ஜனவரியில் அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை வெளியிட்டது. ஆபத்து பெண்களுக்கு மட்டும் இல்லை. ஆகவே இந்தப் பதில் தம்பிகளுக்கும்தான். ஆப்பில் சந்தித்தவரை வீட்டுக்கு அழைக்காதீர்கள், உங்கள் குவளையை விட்டு நகராதீர்கள்.

எஸ்கோபார் டூர் போனீங்களா? அந்த ஊருக்குப் போய் அதைப் பார்க்காம வர்றதா?

போகவில்லை. எஸ்கோபார் இந்த ஊரை நடுங்கவைத்த போதைப்பொருள் கும்பல் தலைவன். என் வீட்டுக்கார அம்மாளின் தம்பி அவன் காலத்தில் இறந்தவர். அந்தப் பெயர் போட்ட டீ-ஷர்ட்டைப் பார்த்தால் அந்த அம்மாள் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விடுவார். எஸ்கோபார் செத்தது 1993 டிசம்பர் 2. அவன் குடும்பம் வாழ்ந்த மொனாகோ கட்டடத்தை நகராட்சி 2019இல் வெடிவைத்துத் தகர்த்து, அங்கே பலியானவர்களுக்கு நினைவுப் பூங்கா அமைத்தது. அதைப் பாருங்கள். நினைவு இல்ல அருங்காட்சியகத்தைப் பாருங்கள், இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

இன்னொன்று, சான் அந்தோனியோ பூங்கா. 1995 ஜூனில் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது பொத்தேரோவின் வெண்கலப் பறவைச் சிலைக்குள் வைத்த குண்டு வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். சிதைந்த சிலையை அகற்றக் கூடாது என்றார் பொத்தேரோ. பக்கத்தில் அதே போல முழுப்பறவை ஒன்றைச் செய்து வைத்தார். வயிறு கிழிந்து உள்ளே வெளிச்சம் தெரியும் பறவையும் கொழுகொழுவென்ற பறவையும் இன்று அருகருகே நிற்கின்றன. நான் போனபோது கிழிந்ததன் நிழலில் ஒரு தாத்தா லாட்டரிச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

மலைச்சரிவில் இருக்கும் கொமூனா 13 என்ற நகர வட்டாரத்துக்கும் போகலாம். 2011இல் மலைச்சரிவில் போட்ட மின்படிக்கட்டுகள் 384 மீட்டர் நீளம். அங்கே பிறந்து வளர்ந்த வழிகாட்டியோடு போங்கள். 2002 அக்டோபர் ராணுவ நடவடிக்கையில் காணாமல் போன பிள்ளைகள் எதிர்மலையின் கட்டட இடிபாட்டுக் குவியலில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று தாய்மார்கள் இருபது வருஷத்துக்கு மேல் சொல்லிவந்தார்கள். 2024 டிசம்பரில் முதல் எலும்புகள் கிடைத்தன. சுவரோவியத்தின் முன் நின்று படம் எடுக்கும்போது எதிர்மலையையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

நம்மள மாதிரி ஆளுங்க போய்த்தான் அங்க வாடகை ஏறுதாமே?

ஆமாம், நம்மால் அதில் பங்கு உண்டு. தங்கியிருப்பவருக்கு வாடகையை முந்தைய ஆண்டுப் பணவீக்கத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் குடும்பத்தைக் காலிசெய்துவிட்டுச் சுற்றுலாக்காரருக்கு விட்டால் அந்தச் சட்டம் எட்டாது. முட்டைக் கடைக்காரரின் மகள் லவ்ரேலெஸில் பிறந்தவள். கல்யாணமாகி அங்கேயே வீடு தேடி, கட்டுப்படியாகாமல் வடகோடியில் பெயோவுக்குப் போய்விட்டாள். கடைக்காரர் இதை என்னிடம் கோபமில்லாமல்தான் சொன்னார். அதனாலேயே எனக்கு உறைத்தது.

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. குடும்பம் விடும் அறையில் தங்கலாம், பதிவில்லாத வீட்டைத் தவிர்க்கலாம், மூலைக்கடையில் வாங்கலாம், டாலர் கணக்கில் 'ரொம்ப மலிவு' என்று அவர்கள் முன் பேசாமல் இருக்கலாம். ஒரு குடும்பம் குடியிருந்திருக்க வேண்டிய வீட்டை எடுக்காமல் இருப்பதுதான் நம் கையில் இருப்பதில் பெரியது.

வரி கட்டணுமா?

தொடர்ச்சியான எந்த 365 நாளுக்குள்ளும் 183 நாளுக்கு மேல் தங்கினால் கொலம்பிய வரிச்சட்டப்படி நீங்கள் அந்நாட்டுக் குடியிருப்பாளர், உலக வருமானம் முழுவதும் கணக்கில் வரும். விசா மேலே சொன்னபடி காலண்டர் ஆண்டைப் பார்க்கும், வரி அப்படிப் பார்க்காது. டிசம்பரில் கணக்கு முடிந்தது என்று ஜனவரியில் புதிதாகத் தொடங்குபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். நான் பிப்ரவரியில் கிளம்பியதும் இதனால்தான். இந்தியாவுக்கும் கொலம்பியாவுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு. நீண்ட நாள் தங்குவதானால் ஆடிட்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தனியா போரடிக்கலையா? பண்டிகை நாள்ல வீட்டு ஞாபகம் வராதா?

தீபாவளி அன்று அழுதேன். டிசம்பர் 7 அன்று அது சரியாகிவிட்டது. அன்று 'வெலித்தாஸ்', சின்ன மெழுகுவர்த்திகளின் இரவு. நடைபாதை, வாசற்படி, பால்கனி எங்கும் வரிசையாக மெழுகுவர்த்தி. காற்றுக்குக் காகித விளக்குக்கூடு. நம் கார்த்திகைத் தீபத்துக்குச் சில நாள் முன்பின். வீட்டுக்காரப் பேத்தி என் கையில் ஒரு பெட்டி மெழுகுவர்த்தியைத் திணித்து, படிக்கு ஒன்று வைக்கச் சொன்னாள். அகல் வைத்துப் பழகிய கை தானாகவே கோலப்புள்ளி மாதிரி வைத்துக்கொண்டு போனது. தெருவே வந்து பார்த்தது.

விடுமுறைகள் நிறைய, வருஷத்துக்கு 18. பலவற்றைத் திங்களுக்கு நகர்த்திவிடுவார்கள், அதற்குப் 'புவெந்தே', பாலம் என்று பெயர். உங்கள் டீமின் காலண்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனக்கு ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதான் கிடைக்கும். என்ன செய்யட்டும்?

காலை ஏழு மணிக்கு போப்லாதோ நெடுஞ்சாலைக்குப் போங்கள். ஞாயிறு மதியம் வரை காருக்குத் தடை, சைக்கிளும் நாய்களும் தாத்தா பாட்டிகளும்தான். ஒன்பதரைக்கு மெட்ரோ ஏறி வடக்கே அசெவேதோவில் இறங்கி, கே தட ரோப் காரில் சாந்தோ தொமிங்கோவுக்குப் போங்கள். காலுக்குக் கீழே செங்கல் வீடுகளின் தகரக்கூரை, கொடியில் பள்ளிச்சீருடை, மொட்டைமாடியில் பெட்டியைப் பார்த்துக் குரைக்கும் நாய். மேலே எல் தட ரோப் காருக்கு மாறுங்கள். இதற்குத் தனி டிக்கெட், அறிமுகமில்லாத சுற்றுலாக்காரரும் ஊர்க்காரரும் சேர்ந்து உட்காரும் பெட்டி.

மலைமுகட்டைத் தாண்டியதும் ஊரின் சத்தம் ஒரே நொடியில் அறுந்துவிடும். கீழே வெறும் காடு, மரத்தில் தொங்கும் பாசி, கம்பி உரசும் ஒலி. ஆர்வி நிலையத்தில் இறங்கினால் விவசாயிகள் போட்ட சந்தை. ஒரு அரேப்பா என்ற சோள ரொட்டி, ஒரு பெட்டி ஸ்ட்ராபெர்ரி வாங்கிக்கொண்டு காட்டுப்பாதையில் நடங்கள். அங்கே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். இரண்டு மணிக்கெல்லாம் கீழே இறங்கத் தொடங்குங்கள், இடி மின்னல் என்றால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். திங்களன்று போகலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். திங்கள் எல் தடத்துக்குப் பராமரிப்பு நாள்.